புள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டே பேசுங்க: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல, முதல் வருஷம் சேர்ற புள்ளைங்களோட அம்மா அப்பா அந்தப் புள்ளையோட டியூட்டர் (வகுப்புப் பசங்கள பொறுப்பா கவனிச்சுக்கற வாத்தியார்) யாருன்னாவது தெரிஞ்சு வச்சுக்கணும்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸப் மெசேஜும் இன்னும் நிக்கல. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். 26 வருஷம் காலேஜ்ல பாடம் எடுத்து, அதுல பாதிக்கு மேல முதல் வருஷ பசங்களுக்கு டியூட்டரா இருந்தவன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

கேள்வி: நான் பீடி சுத்துறேன், வீட்டுக்காரரு கேரளால கட்டட வேலை. எங்க குடும்பத்துல காலேஜ் வாசல மிதிக்கிற முத ஆளு எம் பொண்ணுதான். கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் சேத்திருக்கோம். முத நாள் பெத்தவங்களும் வரணும்னாங்கன்னு ராத்திரி பஸ் ஏறி போனேன். ஆடிட்டோரியத்துல மூணு மணி நேரம் இங்கிலீஷ்ல பேசுனாங்க, எந்த கம்பெனி வருது எவ்வளவு சம்பளம்னு படம் போட்டாங்க, சாப்பாடு போட்டு அனுப்பிட்டாங்க. ஒண்ணும் வெளங்கல. படிக்காத நான் அவ காலேஜ் விஷயத்துல என்ன செய்ய முடியும்? பணத்த கட்டிட்டு சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்க வேண்டியதுதானா?
(ஒரு அம்மா, தென்காசி பக்கம்)

பதில்: அக்கா, உங்களுக்கு வெளங்காம போனது உங்க குத்தம் இல்ல, மைக் புடிச்சவங்க குத்தம். இவ்வளவு தூரம் வரச்சொல்லிட்டு புரியாத பாஷையில மூணு மணி நேரம் பேசி அனுப்பினது எனக்கு படிக்கும்போதே வருத்தமா இருந்துச்சு.

இன்ஜினியரிங் காலேஜுங்களுக்கு 2017-லயே, தொழில்நுட்பக் கல்விய கவனிக்கிற மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. ஒரு வழிகாட்டி கொடுத்திருக்கு, புதுசா வர்ற புள்ளைங்களுக்கு காலேஜ் பழகறதுக்கு மூணு வாரம் இன்டக்‌ஷன் நடத்தணும், இருபது பேருக்கு ஒரு வாத்தியார் வழிகாட்டியா, அதாவது மென்டரா இருக்கணும்னு, அதோட மாதிரி அட்டவணையில பெத்தவங்களோட பேசறதுக்குன்னே தனியா நேரமும் இருக்கு. 2019-ல பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் தீக்‌ஷாரம்ப்ங்கிற பேர்ல எல்லா காலேஜுக்கும் இதே மாதிரி ஒண்ணு கொண்டு வந்துச்சு. அதனால நீங்க உள்ள வந்து கேக்கறது யாரோ உங்களுக்கு செய்ற தயவு இல்ல, தைரியமா கேளுங்க.

யார்கிட்ட கேக்கறது? பிரின்சிபால் வேணாம், ஹெச்.ஓ.டி.யும் வேணாம். பொண்ணுகிட்ட "உன் டியூட்டர் யாரு, மென்டர் யாரு"ன்னு கேளுங்க, சில காலேஜ்ல ரெண்டும் ஒரே ஆளா இருக்கும். அவள விட்டே அவங்ககிட்ட ஒரு நேரம் கேக்கச் சொல்லுங்க. நேர்ல போக முடியலன்னா போன்ல ஸ்பீக்கர் போட்டு, பொண்ணு கூட இருக்கும்போதே, தமிழ்லயே பேசுங்க. அவளுக்கு தெரியாம தனியா போன் போடாதீங்க, இது ரொம்ப முக்கியம், அம்மாவும் சாரும் நம்மள பத்தி பின்னாடி பேசறாங்கன்னு ஒரு தடவ தோணிடுச்சுன்னா அப்புறம் ரெண்டு பேர்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டா.

கேக்க வேண்டியது பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. ஒரு பேப்பர்ல ஃபெயில் ஆனா என்ன பண்ணணும், பாடம் புரியலன்னா யாரப் போய் பாக்கணும், ஒடம்பு சரியில்லன்னா யாருக்கு சொல்லணும், அவ்வளவுதான். அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு இன்டர்னல், அதாவது காலேஜுக்குள்ளயே போடற மார்க் 40, செமஸ்டர் பரீட்சை 60. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேணும், 65-க்கு மேல இருந்தா மருத்துவ காரணம் காட்டி கண்டோனேஷன் (கொறஞ்ச அட்டெண்டன்ஸுக்கு விலக்கு) கேக்கலாம், அதுக்கும் கீழ போனா அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். அட்டானமஸ் (பாடத்திட்டம், பரீட்சைய தானே நடத்துற) காலேஜா இருந்தா கொஞ்சம் மாறும், டியூட்டர்கிட்ட கேட்டு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்குங்க.

முதல் பட்டதாரி சலுகை, புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா, இதெல்லாம் உங்க பொண்ணுக்கு பொருந்துதான்னு அந்தப் பேச்சுலயே கேட்டுடுங்க. ஆனா ஃபார்ம அவளே நிரப்பட்டும், தாசில்தார் ஆபீஸ் சர்ட்டிஃபிகேட்டுக்கு இ-சேவை மையத்துல அவளே போய் நிக்கட்டும். நீங்க கூட நில்லுங்க, போதும்.

இன்னொண்ணு, இத உங்களத் தவிர வேற யாரும் செய்ய முடியாது. பிளஸ் டூ வரைக்கும் நல்ல மார்க் எடுத்த புள்ளைக்கு, அதுலயும் தமிழ் மீடியத்துல படிச்சு வந்த புள்ளைக்கு, முதல் இன்டர்னல் டெஸ்ட்ல அம்பதுக்கு பன்னெண்டு வரும்போது உலகமே இருண்டு போகும், அத அவ உங்ககிட்ட சொல்ல மாட்டா, ஏன்னா அம்மா பீடி சுத்தி அனுப்புதேங்கிற நெனப்பு தொண்டையில நிக்கும். அதனால அவ சொல்றதுக்கு முன்னாடியே நீங்க சொல்லிடுங்க, "மார்க் கொறஞ்சா எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும், வைய மாட்டேன், யாரப் போய் பாக்கணும்னு சேந்து பாப்போம்"னு. இத இந்த வாரமே சொல்லுங்க.

படிக்காதவங்க என்ன செய்ய முடியும்னு கேட்டீங்கல்ல. ஒரு வருஷம் அட்மிஷன் சமயத்துல ஒரு அப்பா வந்தாரு, கையில மஞ்சப்பை, உள்ள பாலிதீன் கவர்ல பையனோட ஒரிஜினல் எல்லாம், ஸ்டாஃப் ரூம் வாசல்ல செருப்ப கழட்டி வச்சுட்டு நிக்கிறாரு. உள்ள கூப்பிட்டா நாற்காலி நுனியிலதான் ஒக்காந்தாரு. உங்க பையன பத்தி எனக்கு ஏதாவது சொல்லுங்கன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, பையன திரும்பிப் பாத்துட்டு, "மனசு சரியில்லன்னா இவன் சாப்பாட்ட ஒதுக்க மாட்டான் சார், ரெண்டு பங்கு சாப்பிடுவான், பேச்சு மட்டும் நின்னுரும்"னாரு. பையன் வெக்கத்துல தலைய குனிஞ்சுக்கிட்டான். நவம்பர்ல ஒருநாள் மெஸ்ல பாக்கறேன், அதே பையன், தட்டுல மல மாதிரி சோறு, எதிர்ல உக்காந்தவன் ஏதோ கேக்கறான், இவன் வாயே தெறக்கல. சாயங்காலம் கூப்பிட்டு பேசினேன், கணக்கு பேப்பர் சுத்தமா புரியல, டீ.சி. வாங்கிட்டு போயிடலாம்னு முடிவே பண்ணி வச்சிருந்தான். அன்னைக்கே சீனியர் பையன் ஒருத்தன பிடிச்சு வாரம் மூணு நாள் உக்கார வச்சோம், தேறிட்டான். அந்த ஒரு வரிய அப்பா சொல்லலன்னா நான் அவன் தட்ட திரும்பிக்கூட பாத்திருக்க மாட்டேன். உங்க பொண்ண பத்தி உங்களுக்கு தெரிஞ்சது எந்த வாத்தியாருக்கும் தெரியாது அக்கா, அதப் போய் டியூட்டர்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: பையன் கிளாஸுக்கு போகலன்னா காலேஜ்ல இருந்து உடனே எஸ்.எம்.எஸ். வருது. வந்த உடனே நான் அவனுக்கு போன் பண்ணிடுவேன். இப்ப என் நம்பரையே பிளாக் பண்ணிட்டான். நான் என்ன தப்பு செஞ்சேன்?
(ஒரு அப்பா, திருப்பூர்)

பதில்: அக்கறையிலதான் செஞ்சீங்க, புரியுது. ஆனா அந்த எஸ்.எம்.எஸ். பாதி நேரம் தப்பாவும் வரும் சார், லேப் இருந்திருக்கும், சிம்போசியம் வேலைக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, காலேஜ் வேலையா கிளாஸுக்கு வராம இருக்க அனுமதி) போட்டிருப்பான், அட்டெண்டன்ஸ் ஏத்துறவர் மாத்தி ஏத்தியிருப்பாரு. உண்மையாவே கட் அடிச்சிருந்தாலும் பத்தே கால் மணிக்கு ஃப்ரெண்ட்ஸ் நடுவுல நிக்கிறவன்கிட்ட "எங்கடா இருக்க"ன்னா உண்மை வராது, பொய்தான் வரும். ஞாயித்துக்கிழம ஒரு நேரம் வச்சுக்குங்க, அந்த வாரத்து மெசேஜ் எல்லாத்தையும் அப்ப மொத்தமா அவன்கிட்டயே காட்டி, இதுல எது சரி எது தப்புன்னு கேளுங்க. இப்போதைக்கு அம்மா போன்ல இருந்து ஒரே ஒரு மெசேஜ், "இனிமே கிளாஸ் நேரத்துல கூப்பிட மாட்டேன்"னு, அவ்வளவுதான். சொன்னபடி கூப்பிடாமயும் இருக்கணும்.

கேள்வி: செகண்ட் இயர் படிக்கிறேன், நாலு அரியர். வீட்டுக்கு ஒண்ணுதான்னு சொல்லி வச்சிருக்கேன். அடுத்த வாரம் பேரன்ட்ஸ் மீட்டிங், அப்பா கண்டிப்பா வரணும்னு டியூட்டர் சொல்லிட்டாரு. காலேஜ் பக்கத்துல டீக்கடை வச்சிருக்க அண்ணன் ஐநூறு ரூபா குடுத்தா சித்தப்பான்னு வந்து நிக்கிறேங்கிறாரு. சீனியர்ஸ் எல்லாம் இப்படித்தான் பண்ணாங்களாம். எனக்கு பயமா இருக்கு, என்ன பண்றது?
(பேர் வேணாம், சேலம்)

பதில்: தம்பி, பயமா இருக்குன்னு எழுதினியே, அதுவே நல்லது. அந்த ஐநூறு ரூபா சித்தப்பாங்கள நான் நெறைய பாத்திருக்கேன், எங்களுக்கு பெரும்பாலும் தெரிஞ்சிடும், பையன் எந்த ஸ்கூல்ல படிச்சான்னு கேட்டா முழிப்பாங்க. கண்டுபிடிக்கலன்னாலும் உனக்கு என்ன லாபம்? நாலு அரியரும் அப்படியேதான் இருக்கும், அத சுமக்கறதுக்கு உன் பக்கம் ஒரு ஆளும் இருக்காது, டீக்கடை அண்ணன் அன்னைக்கு சாயங்காலமே போயிடுவாரு.

மொதல்ல உன் நெலமைய சரியா தெரிஞ்சுக்கோ. நாலு அரியர்னா படிப்பு முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல. அண்ணா யுனிவர்சிட்டி கணக்குல நாலு வருஷ படிப்ப முடிக்க ஏழு வருஷம் வரைக்கும் இடம் இருக்கு, அடுத்த செமஸ்டர் பேப்பரோட சேத்தே அரியரையும் எழுதலாம். ஆனா நெறைய கம்பெனி ஃபைனல் இயர்ல ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் பாஸ் பண்ணாத பேப்பர்) இருந்தா இன்டர்வியூவுல உக்கார விடமாட்டாங்க, அதனால தேர்ட் இயர் முடியறதுக்குள்ள கிளியர் பண்ணப் பாரு. எந்த நாலு பேப்பர், எதுல எத்தன மார்க்ல போச்சு, அடுத்த பரீட்சைக்கு எத எழுதப் போற, யார்கிட்ட படிக்கப் போற, இத ஒரு வெள்ளத் தாள்ல எழுது.

நாளைக்கே டியூட்டர போய் பாரு, "சார், வீட்டுல ஒண்ணுன்னு சொல்லியிருக்கேன், நாலுங்கிறத நானே சொல்லணும், நீங்க கூட இருங்க"ன்னு கேளு. பத்துல ஒம்பது வாத்தியார் சரின்னுதான் சொல்வாங்க, இப்படி ஒரு பையன் வந்து கேட்டதே அவங்களுக்கு பெரிய விஷயமா இருக்கும். அப்புறம் மீட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடியே வீட்டுல சொல்லிடு, அம்மாகிட்ட மொதல்ல சொல்றது சுலபம்னா அப்படியே சொல்லு. பொதுச் சபையில டியூட்டர் வாயால கேக்கறதுதான் அப்பாவுக்கு பெரிய அடி, உன் வாயால வீட்டுல கேட்டா கோவம் வரும், கத்துவாரு, அன்னைக்கு ராத்திரி சாப்பிடாம கூட படுப்பாரு, ஆனா மீட்டிங்குக்கு வரும்போது உன் பக்கத்துல உக்காருவாரு. அந்தத் தாள அவர் கையில குடு.

கேள்வி: நான் ஒரு தனியார் ஆர்ட்ஸ் காலேஜ்ல உதவிப் பேராசிரியர், என் வகுப்புல 58 பேர். அட்டெண்டன்ஸ் கொறஞ்சா வீட்டுக்கு போன் போடுன்னு மேல இருந்து பிரஷர். போன மாசம் ஒரு பொண்ணு வீட்டுக்கு போன் பண்ணி, ஒரு பையனோட சுத்துறான்னு சொல்லிட்டேன். மறுநாள்ல இருந்து அந்தப் பொண்ணு காலேஜுக்கே வரல. கல்யாணத்துக்கு பாக்கறாங்களாம். எனக்கு தூக்கம் வரல.
(ஒரு ஆசிரியை, நாமக்கல்)

பதில்: மேடம், தூக்கம் வராததுதான் நியாயம். இதே தப்ப நானும் பண்ணியிருக்கேன். வேலைக்கு சேந்த மூணாவது வருஷம், ஒரு பையன் ரெண்டு வாரமா வரலன்னு கோவத்துல அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அப்பாவுக்கு போன் போட்டேன். மறுநாள் காலைல அந்த அப்பா டிபார்ட்மென்ட் வராண்டாவுல, எல்லாரும் பாக்க, பெல்ட்ட கழட்டிட்டாரு. பையன் ராத்திரி ஷிஃப்ட்ல ஒரு மில்லுல வேல பாத்து தங்கச்சி ஃபீஸ கட்டிட்டு இருந்திருக்கான், வீட்டுக்கே தெரியாம. அந்த வாரமே டீ.சி. வாங்கிட்டு போயிட்டான். இன்னைக்கும் அந்த வராண்டா கண்ணுக்குள்ள நிக்குது.

இப்ப உடனே செய்ய வேண்டியத சொல்றேன். அந்தப் பொண்ணு வீட்டுக்கு நேர்ல போங்க, கூட வயசான ஒரு பேராசிரியைய கூட்டிட்டு போங்க. பையன் பேச்ச திரும்ப எடுக்கவே எடுக்காதீங்க. அவளோட மார்க், இன்னும் எத்தன செமஸ்டர் இருக்கு, டிகிரி முடிச்சா என்ன வேலை கிடைக்கும், இத மட்டும் பேசுங்க, உங்க பொண்ணு நல்லா படிக்கிற பொண்ணு, அவள நான் பொறுப்பா பாத்துக்கறேன்னு சொல்லுங்க. அவள அடைச்சு வச்சிருக்காங்க, கட்டாயப்படுத்துறாங்கன்னு தெரிஞ்சா 181 பெண்கள் உதவி எண்ணுக்கு கூப்பிடுங்க, தயங்காதீங்க.

இனிமேலுக்கு: ஒரு புள்ள யாரோட பேசறா, யாரோட பஸ்ல உக்காந்து வர்றா, இது நம்ம வேலை இல்ல. நம்ம ஊர்ல இந்த ஒரு தகவல் வீட்டுக்கு போறதால படிப்பு நிக்கும், சில வீட்டுல உயிரே போகும், சாதி வேற வேறன்னா கேக்கவே வேணாம். பதினெட்டு வயசு ஆன புள்ளைய பத்தி அந்தப் புள்ளைக்கு தெரியாம வீட்டுக்கு எதையும் சொல்லக்கூடாதுன்னு வச்சுக்குங்க. போன் போடணும்னா புள்ளைய கூப்பிட்டு "ஏன் வரல"ன்னு கேட்டுட்டு, "வீட்டுக்கு சொல்லணும், நீயே உன் போன்ல இருந்து போடு, நான் பக்கத்துல இருக்கேன்"னு சொல்லிப் பாருங்க. உயிருக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா மட்டும்தான் விதிவிலக்கு, சாகணும்னு பேசறது, பெரிய நோய், ராகிங், அப்ப ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 எந்த நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம், அந்த நம்பர் உங்க போன்லயும் 58 பேர் போன்லயும் இருக்கட்டும். அப்பவும் வீட்டுல யார்கிட்ட சொல்றதுன்னு புள்ளையவே கேளுங்க, அப்பா இல்லாம அக்காவா, மாமாவா, பாட்டியா கூட இருக்கலாம்.

கடைசியா, 58 பேர் வீட்டுக்கும் முதல் மாசத்துலயே ஒரு போன் போடுங்க, குறை சொல்றதுக்கு இல்ல. "உங்க பையன் லேப்ல ரெக்கார்ட் அழகா எழுதுறான்"னு ஒரு வரி. ஒரு நாளைக்கு மூணு பேர்னா இருபது நாள் வேலை. காலேஜ் நம்பர பாத்தாலே நெஞ்சு படபடக்குற அம்மாங்க இருக்காங்க, என்ன தப்பு பண்ணானோன்னுதான் எடுப்பாங்க. முதல் போன்ல நல்லது கேட்டவங்க, பின்னாடி கஷ்டமான விஷயம் சொன்னா பெல்ட்ட தேட மாட்டாங்க, என்ன சார் பண்ணலாம்னு கேப்பாங்க.

கேள்வி: பையன் அமெரிக்காவுல பி.எஸ். படிக்கிறான். மார்க் எப்படின்னு அந்த யுனிவர்சிட்டிக்கு மூணு மெயில் போட்டேன், உங்ககிட்ட சொல்ல முடியாதுன்னு பதில் வந்துச்சு. லட்ச லட்சமா கட்டுறது நான், எனக்கே சொல்ல மாட்டாங்களா?
(ஒரு அம்மா, சென்னை)

பதில்: சொல்ல மாட்டாங்க, அவங்க சட்டம் அப்படி. 1974-ல வந்த ஃபெர்பாங்கிற சட்டப்படி புள்ள காலேஜ்ல சேந்துட்டா படிப்பு ரெக்கார்ட் மேல உள்ள உரிமை புள்ளைக்கு போயிடுது. உங்க பையன் எழுத்துல சம்மதம் குடுத்தா சொல்வாங்க, அதுக்கு தனியா ஃபார்ம் இருக்கும். உயிர், ஒடம்பு சம்பந்தமான அவசரம்னா அவங்களே பெத்தவங்களுக்கு சொல்றதுக்கும் அந்த சட்டத்துல வழி இருக்கு. ஆனா யுனிவர்சிட்டிக்கு நாலாவது மெயில் போடறதுக்கு பதிலா பையனுக்கு ஒண்ணு போடுங்க. "உன் அட்வைசர் யாரு, இந்த செமஸ்டர் என்ன கோர்ஸ் எடுக்கச் சொன்னாங்க, உனக்கு எது பிடிச்சிருக்கு"ன்னு கேளுங்க. மார்க் தானா வரும். நிறைய அமெரிக்க காலேஜ்ல பெத்தவங்களுக்குன்னே தனி ஓரியன்டேஷன் நடத்துவாங்க, ஆன்லைன்ல இருந்தா ராத்திரி முழிச்சிருந்தாவது ஒரு தடவ உக்காருங்க.

கேள்வி: எங்க காலேஜ்ல இந்த வருஷம் முதல் முறையா பெற்றோருக்கு தனியா அரை நாள் ஓரியன்டேஷன், பொறுப்பு என் தலையில. கிட்டத்தட்ட அறுநூறு பேர் வருவாங்க. என்ன வைக்கலாம்?
(ஒரு பேராசிரியர், திருச்சி)

பதில்: மொதல்ல கிழமை. வேலைநாள்ல வச்சா கூலி வேலைக்கு போறவங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும், ஞாயித்துக்கிழமை வையுங்க. அழைப்பு தமிழ்ல, "பெற்றோர் அல்லது பாதுகாவலர்"னு போட்டு, பாட்டி வந்தாலும் அக்கா வந்தாலும் சரின்னு தெளிவா எழுதுங்க. அம்மா மட்டும் வளக்குற புள்ள எத்தனையோ பேர் இருக்காங்க, ஃபார்ம்ல அப்பா கையெழுத்து கட்டாயம்னு இருந்தா அத அன்னைக்கே எடுத்துடுங்க. பிளேஸ்மென்ட் படம் பத்து நிமிஷத்துக்கு மேல வேணாம். ஃபீஸ் கவுன்டர் அன்னைக்கு தெறக்கவே கூடாது, தெறந்தா எல்லாரும் அங்கதான் நிப்பாங்க.

மேடையில சீனியர் ஒருத்தரோட அம்மாவ பேச வையுங்க, முதல் வருஷம் புள்ள அழுதுட்டு வீட்டுக்கு வந்தப்ப என்ன பண்ணோம்னு அவங்க சொன்னா அறுநூறு பேரும் காத குடுப்பாங்க. அரியர், இன்டர்னல், கண்டோனேஷன், போனஃபைட், ஓ.டி., இந்த வார்த்தைக்கெல்லாம் தமிழ்ல அர்த்தம் போட்டு ஒரு தாள் அடிச்சு குடுங்க, பின்னாடி டியூட்டர் நம்பர், எந்த நேரத்துல கூப்பிடலாம்ங்கறது. ராகிங்குக்கு எதிரா பெத்தவங்க குடுக்க வேண்டிய உறுதிமொழிய பெரும்பாலும் பிரவுசிங் சென்டர்ல யாரோ ஒருத்தர் டிக் அடிச்சுட்டு போயிடறாங்க, அத அங்கயே படிச்சுக் காட்டுங்க. 1996-ல பொன் நாவரசுங்கிற மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதுக்கு அப்புறம்தான் 1997-ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு, அந்தப் பையனோட வயசுலதான் இவங்க எல்லாரோட புள்ளையும் இருக்கு. ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, அந்த நம்பர அங்கயே எல்லாரையும் சேவ் பண்ண வையுங்க.

மீதி நேரம் முழுக்க வகுப்பு வாரியா பிரிச்சு டியூட்டர், புள்ள, வீட்டு ஆளு மூணு பேரும் ஒரே பெஞ்சுல. ஆளுக்கு அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும், பரவாயில்ல. டியூட்டர் பேசக்கூடாது, கேக்கணும்: உங்க புள்ளைய பத்தி எனக்கு தெரிய வேண்டியது என்ன? அத புள்ள முன்னாடியே கேட்டு, புள்ள சரின்னு தலையாட்டினா மட்டும் குறிச்சுக்கணும்.

முதல் இன்டர்னல் முடிஞ்ச அடுத்த ஞாயிறு ரெண்டாவது தடவ கூப்பிடுங்க, வர முடியாதவங்களுக்கு வீடியோ கால், ஏன்னா உண்மையான கேள்வியெல்லாம் அப்பதான் வரும். சாப்பாடு மெஸ்ல, புள்ளைங்க தினமும் சாப்பிடுற அதே சாப்பாடு. அப்புறம் முசிறி, துறையூர், மணப்பாறை பக்கம் போறவங்களுக்கு பஸ் எத்தன மணிக்குன்னு விசாரிச்சு போர்டுல எழுதிப் போடுங்க, மூணு மணிக்குள்ள முடிச்சுடுங்க சார்.